நாற்பத்து நான்கு நாள்

2008 ஜூன் 3, செவ்வாய்

புது நோட்டு. திருச்சியில் நடந்த பயிற்சியில், ஆலோசகர்களான எங்களிடம், தினம் எதையாவது எழுதுங்கள், மனச்சுமை இறங்கும் என்றார்கள். அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. இன்றுதான் நோட்டு வாங்க நேரம் கிடைத்தது.

இன்று புதியவர்கள் பதினான்கு பேர். காலை எட்டரைக்கு நான் போகும்போதே வராந்தா நிறைந்திருந்தது. மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றவில்லை. நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்து, எச்.ஐ.வி. இருக்கிறது என்ற தாளோடு எங்கள் கூட்டு மருந்து மையத்துக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது.

பதின்மூன்றாவதாக வந்தவள் பாவாயி. வயது முப்பத்து நான்கு. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். கணவன் லாரி டிரைவர், இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. "மஞ்சக்காமாலைன்னுதான் சொன்னாங்க மேடம்" என்றாள். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறாள். உண்மையில் அவள் ஏழாவது டோக்கன். வயிற்றுப்போக்கு. எங்கள் கட்டிடத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று எனக்கே தெரியாது. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் வருவதற்குள் முறை போய்விட்டது. இரண்டு தடவை அப்படி.

ரத்தம் எடுக்க அனுப்பினேன்.

வீட்டில் தண்ணீர் வந்தது. பதினோரு குடம் பிடித்து வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 5, வியாழன்

மின்விசிறிக்கு மறுபடி கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பாவாயியின் சி.டி.4 நாற்பத்தொன்று. நல்ல உடம்பில் இந்த எதிர்ப்பணு ஐந்நூறுக்கு மேல் இருக்கும். இருநூறுக்குக் கீழே போனால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். நாற்பத்தொன்று என்றால் ரொம்பக் கீழே.

மாத்திரைக்கு முன்னால் மூன்று தடவை வந்து பேச வேண்டும், பொறுப்பேற்க ஒருவரைக் கூட்டி வர வேண்டும் என்பது எங்கள் மையத்து முறை. சொன்னேன்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா அந்த ரூம்புல இருக்க உடமாட்டாருங்க மேடம்."

"சொல்லித்தானே ஆகணும் பாவாயி? வாழ்நாள் பூரா சாப்பிடற மாத்திரை. எத்தனை நாளைக்கு ஒளிச்சு வெப்பீங்க?"

"ஒளிச்சு வெக்கறதெல்லாம் எனக்கு நல்லா வருமுங்க" என்று சிரித்தாள். பல் எல்லாம் வெளுத்து ஈறு கறுத்திருந்தது.

அண்ணனைக் கூட்டி வா, அண்ணி ஆனாலும் சரி என்று சொல்லி அனுப்பினேன். தனியாக வந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்து நான் பட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர், நானே பார்த்துக்கொள்வேன் மேடம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிப் போய், ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டு இறந்துபோனார். ஆய்வுக் கூட்டத்தில் இருபது பேருக்கு முன்னால் என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் யாருக்கும் தளர்த்துவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரம்மா தன் மாமியாரைக் கூட்டி வந்து, கண்ணில் புரை விழுந்திருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்றார். டார்ச் அடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். பெரிய டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றேன். இந்த வீட்டுக்கு வந்தபோது கண் வார்டில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வீட்டில் என் வேலை விஷயம் தெரிந்த பிறகு, குழாயடியில் எங்கள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. மகள் வினோதினிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். நம் வீட்டுக் கதை வேறு.

ஜூன் 24, செவ்வாய்

பாவாயி தனியாகவே வந்தாள். அண்ணன் தறிக்குப் போய்விட்டார், அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று ஏதோ சொன்னாள். திருப்பி அனுப்பினேன். இளைத்திருந்தாள். டாக்டர் நூர்தீன் வார்டில் இருந்தார். கூப்பிடலாம் என்று நினைத்தேன், வரிசையில் இன்னும் ஒன்பது பேர்.

இந்த மாதம் மாத்திரை ஆரம்பித்த இரண்டு பேர் மூன்று வாரத்துக்குள் இறந்துவிட்டார்கள். பதிவேட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு பேருக்கும் "தாமதமாக வந்தவர்" என்று எழுதினேன். எல்லாருக்கும் அதைத்தான் எழுதுகிறோம்.

ஜூலை 4, வெள்ளி

இன்று பாவாயி ஒரு அம்மாளோடு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வாயில் வெற்றிலை, கையில் மஞ்சள் பை.

"எங்க பெரியம்மா பொண்ணுங்க. அக்கா முறை" என்றாள் பாவாயி.

எந்த ஊர் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு ஊர் சொன்னார்கள்.

"பாவாயி வீட்டுக்காரர் பேர் என்னங்கம்மா?"

அந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "மாப்ள மாப்ளன்னே கூப்புட்டுப் பழகிப்போச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கோபமும் வந்தது. நேராகக் கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பொய்தானுங்க. எம்பேரு அங்கம்மா. பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாசல்ல உக்காந்திருக்கறவ. இவ ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னைக்கெல்லாம் நாலு வாட்டி அஞ்சு வாட்டி ஓடியாருவா. ஒரு நாளு உள்ளயே மயங்கிட்டா. கதவ நெம்பித் தூக்கியாந்தேன். என்ன கண்ணு உனக்குன்னு கேட்டேன், சொன்னா. கூடப் பொறந்தவங்கிட்டச் சொல்லாதத எங்கிட்டச் சொல்லியிருக்கறா. நான் கையெழுத்துப் போட்டா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்கம்மா. குடும்பத்துல ஒருத்தர் வேணும்."

"குடும்பத்துல இருக்கறவங்க வந்தா இவ எதுக்குங்க எங்கிட்ட வர்றா?"

முறையைச் சொன்னேன். ஃபாரத்தைக் காட்டினேன். "குடும்ப உறவு" என்று அச்சடித்திருக்கிற இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பாவாயி படித்துவிட்டு, "வாங்கக்கா போலாம்" என்றாள்.

பொய்யைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கேள்வி போதும். மூன்று வருட அனுபவம்.

ஜூலை 8, செவ்வாய்

பாவாயி வரவில்லை. வருவாள்.

ஜூலை 11, வெள்ளி

வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் பாவாயியை ஆட்டோவில் கொண்டுவந்தார் அங்கம்மாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கின இடத்திலேயே விழுந்திருக்கிறாள். நானும் துப்புரவு செய்யும் இன்னாசியம்மாளும் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டோம். தூக்கும்போது எடையே தெரியவில்லை. முப்பத்தொரு கிலோ.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இவங்க எப்ப முதல்ல வந்தாங்க?" என்றார்.

"கொஞ்ச நாள் முன்னாடி சார். துணைக்கு ஆள் கூட்டிட்டு வரல."

அவர் டிரிப்ஸ் போடச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

முதல் மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. துணை என்ற கட்டத்தில் டாக்டரே கையெழுத்துப் போட்டுவிட்டார். அங்கம்மாள் மாத்திரையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தூண்டுதானா? இதுக்காகவா இத்தனை நடை?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வினோதினியைப் பார்க்க வந்தார்கள். பையனுக்கு மின்வாரியத்தில் வேலை. அம்மா நிறையப் பேசுகிறார். உங்களுக்குக் கண் வார்டா, எங்க அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணணும், சொல்லி விடுங்களேன் என்றார். சரி என்றேன். கேசரியில் சர்க்கரை கூடிவிட்டது.

ஜூலை 26, சனி

பாவாயி எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது. அங்கம்மாள் வேலை முடிந்ததும் ரசம் சாதம் கொண்டுவந்து தருகிறார். கழிப்பறை வாசலில் அவர் மருமகளை உட்காரவைத்துவிட்டு வருகிறாராம்.

பாவாயி என்னிடம், "மேடம், பண்ணையில ஒரு ஷெட்டுக்கு நாலாயிரம் கோழி. சீக்கு எறங்கற ஷெட்ட நடந்து போனாலே சொல்லிப்போடுவேன். கோழி சத்தம் மாறிப்போயிரும். எனக்கு மட்டும் இது தெரியல பாருங்க" என்றாள்.

"தெரிஞ்சுதானே வந்தீங்க" என்றேன்.

"வந்தனுங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு பஸ்ஸில் வீடு வரைக்கும் வந்தேன்.

ஜூலை 31, வியாழன்

பாவாயிக்குத் தலைவலி. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். இரண்டு தடவை வாந்தி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்தோம்.

ஆகஸ்ட் 2, சனி

முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சைக் கிருமி.

டாக்டர் விளக்கினார். இந்தக் கிருமி முன்பே உள்ளே இருந்திருக்கிறது. உடம்பில் எதிர்க்கத் தெம்பில்லாததால் சத்தம் போடாமல் இருந்தது. மாத்திரை உள்ளே போய்க் கொஞ்சம் தெம்பு வந்ததும் உடம்பு அதோடு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையைத் தாங்கத்தான் உடம்பில் ஒன்றும் இல்லை. ரொம்பக் கீழே போனபிறகு ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் மூன்று மாதம்தான் கண்டம் என்றார். இது எனக்குத் தெரியாததில்லை. பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கான ஊசி மருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் காலையிலிருந்து போன் பேசுகிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் மூன்று மணி நேரப் பயணம் தாங்க மாட்டாள். நான்கு குப்பி மட்டும் தருவதாகச் சொன்னார்களாம். இரண்டு வாரத்துக்கு வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. வாங்கி வர லேப் டெக்னீஷியனை அனுப்பியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 6, புதன்

நான்காவது குப்பியும் முடிந்தது. பாவாயி என்னைப் பார்த்து, "வசந்தி வந்துட்டயா?" என்றாள். வசந்தி யார் என்று அங்கம்மாளுக்கும் தெரியவில்லை. வந்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

பாவாயி காலை ஏழே காலுக்கு இறந்துவிட்டாள். மாத்திரை ஆரம்பித்து இருபத்து நான்காவது நாள்.

நான் போனபோது அங்கம்மாள் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தார். சிக்கு எடுக்க எடுக்க முடி கையோடு வந்தது. அதைச் சுருட்டித் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறைதான், போனேன். உடலை வாங்க அண்ணன் வந்திருந்தார். நாற்பது வயது, தறிப்பஞ்சு தலையெல்லாம் ஒட்டியிருந்தது. இறப்புத் தாளில் இருந்ததைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் வந்திருப்பனுங்களே மேடம். எங்கூடப் பொறந்தவ. நான் வந்திருக்க மாட்டனா?"

அழுதார். நிஜமாகவே அழுதார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "அவ படுத்த பாய், பாத்திரமெல்லாம் எரிச்சுப்போடலாங்களா? வீட்டுல குழந்தைங்க இருக்குது" என்றார்.

ஒன்றும் ஆகாது, கழுவி வைத்தால் போதும் என்றேன். தலையாட்டினார். எரித்துவிடுவார்.

அவர் வந்திருப்பாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புதியவர்கள் பதினொரு பேர்.

மத்தியானம் அங்கம்மாள் வந்தார். டப்பாவில் மிச்சம் இருந்த மாத்திரையை மேசைமேல் வைத்தார். "வேற யாருக்காச்சும் ஆகுங்களா?" ஆகாது, ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குத் தரக்கூடாது என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வெச்சிருக்கறீங்க" என்றார். திட்டவில்லை. களைத்துப்போன குரல். டப்பாவை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

பதிவேட்டில் "காரணம்" கட்டத்தை நிரப்பவில்லை. நாளை நிரப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள்: "மாத்தரை ஆரம்பிச்சா மூணு மாசந்தான். அந்தப் பண்ணைக்காரப் பொம்பளையும் அப்படித்தான் போச்சு." இன்று மூன்று பேர் மாத்திரை வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். ஒருவரைப் படிக்கட்டு வரை துரத்திப்போய்ப் பேசினேன். "உங்க மேல தப்பில்லீங்க மேடம், எனக்குத்தான் பயமா இருக்குது" என்றார்.

மின்விசிறி ஓடுகிறது.

செப்டம்பர் 8, திங்கள்

மாதாந்திரக் கூட்டத்துக்குக் கணக்கு வேண்டும் என்றார் டாக்டர். இந்த வருடம் மாத்திரை ஆரம்பித்தவர்களில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுடைய பச்சை அட்டைச் சிகிச்சைப் புத்தகம் பத்தொன்பதையும் எடுத்து மேசையில் அடுக்கினேன். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. "தாமதமாக வந்தவர்", "தாமதமாக வந்தவர்".

எவ்வளவு தாமதம் என்று கேட்டால் சொல்ல வேண்டுமே என்று, முதன்முதலில் எங்கள் வாசலுக்கு வந்த தேதியையும் முதல் மாத்திரை விழுங்கின தேதியையும் ஒரு தாளில் எழுதினேன். இருபத்தெட்டு நாள். முப்பத்தாறு. ஐம்பத்திரண்டு. ஒருவருக்கு அறுபது. பாவாயி ஜூன் மூன்று, ஜூலை பதினேழு. நாற்பத்து நான்கு நாள்.

சமையல் செய்யவில்லை. ஓட்டலில் இட்லி வாங்கிக்கொண்டோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பீரோவிலிருந்து பழைய சுற்றறிக்கையைத் தேடி எடுத்தேன். துணையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. "இயன்றவரை பொறுப்பான துணை ஒருவர்." இயன்றவரை. குடும்பம் என்ற சொல்லே இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

"குடும்ப உறவு" என்ற ஃபாரம் நான் தயாரித்தது. அந்த ஆய்வுக் கூட்டத்துக்கு அடுத்த வாரம், டைப் அடிக்கக் கொடுத்து, இருநூறு பிரதி எடுத்து வைத்தேன். இனி யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்று. எடுத்த எனக்கே மறந்துபோய், மேலிடத்திலிருந்து வந்த தாள் என்றே இத்தனை நாளும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறந்துபோயிற்று என்று எழுதுகிறேன். மறந்ததா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கூட்டத்தில் சொன்னேன். தாளைப் பார்த்துத்தான் படித்தேன். "பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் தானாக நடந்து வந்தவர்கள். நாம்தான் ஒரு மாதத்துக்கு மேல் திருப்பி அனுப்பினோம். துணைக்கு ஆள் இல்லை என்று மட்டும் அனுப்பினது எட்டுப் பேரை. அந்த எட்டும் நான் அனுப்பினது."

மருந்தாளர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நூர்தீன், "அந்த ஃபாரத்துல கீழ யார் கையெழுத்து இருக்கு?" என்றார்.

"உங்களுதுதான் சார்."

"படிக்காமலே போட்டிருக்கேன். இருநூறு தடவை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீக்கிரம் ஆரம்பிச்சிருந்தா எல்லாரும் பொழச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா சில பேரு பொழச்சிருப்பாங்க. எந்தச் சில பேருன்னு நமக்குத் தெரியவே போறதில்ல."

சி.டி.4 ஐம்பதுக்குக் கீழே இருந்தால் அந்த வாரத்திலேயே மாத்திரை. துணைக்கு யார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் ஆரம்பித்துவிட்டுப் பிறகு தேடுவது. தலைவலி, காய்ச்சல் உண்டா என்று முதல் நாளே கேட்டு, சந்தேகம் வந்தால் உடனே சோதனை. பெண்கள் கழிப்பறையைத் திறந்து வைப்பது. இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

சாவி ஸ்டோர் கீப்பரிடம்தான் இருந்தது. கேட்டவுடன் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்தார்கள். அந்த அம்மா மறுபடியும் கண் ஆபரேஷன் விஷயத்தை எடுத்தார். நான் கண் வார்டில் இல்லைங்க, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து தருகிற இடத்தில் இருக்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய் சொல்லச் சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான். காபியைப் பாதியில் வைத்தார். கிளம்பும்போது எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். "சொல்லப்போறேன்னு முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 5, ஞாயிறு

அவர்களிடமிருந்து போன் இல்லை. வினோதினி, "விடும்மா, காபியக் கீழ வெச்ச வீட்டுக்கு நான் போயி என்ன பண்ணப்போறேன்" என்றாள். சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் ரொம்ப நேரம் கீழே வரவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "லேடீஸ் அந்தப் பக்கமுங்க" என்றார். பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

சுற்றறிக்கை விஷயத்தைச் சொன்னேன். உங்கள் கையெழுத்தை அன்றைக்கே வாங்கியிருக்கலாம், குடும்பம் வேண்டும் என்று எங்கும் இல்லை, நான்தான் எழுதினேன் என்றேன். சொல்லும்போது இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள். வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. எழுந்து குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வெளிய வந்து எங்கிட்ட என்ன சொன்னா தெரியுங்களா? 'அந்த மேடத்து மேல தப்பில்லக்கா, சட்டம் அப்படி இருக்குது'ன்னா."

அங்கம்மாள் தன் ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "உங்ககிட்ட வர்றதுக்குப் பயந்துக்கிட்டு ஒருத்தன் முட்டைக் குடோன்ல கெடக்கறான். லோடு ஏத்தறவன். கூட்டியாரட்டுங்களா?" என்றார்.

அக்டோபர் 11, சனி

பெரியண்ணன், வயது நாற்பத்தாறு. சி.டி.4 பத்தொன்பது. டாக்டர் சொல்லி மூன்றே நாளில் முடிவு வாங்கினோம். வந்த நான்காம் நாளே முதல் மாத்திரை. துணை: அங்கம்மாள். உறவு என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "தெரிஞ்சவன்னு எழுதுங்க. அது போதாதா?" என்றார். பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார்.

பெரியண்ணன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். "மூணு மாசத்துல செத்துப் போவன்னு சொல்றாங்களே, நெசமா?" என்றார். "சில பேர் போயிருக்காங்க. ரொம்ப லேட்டா ஆரம்பிச்சவங்க. நீங்களும் லேட்டுதான். அதனால காய்ச்சலோ தலைவலியோ வந்தா அன்னைக்கே ஓடி வரணும், மாத்திரைய நிறுத்தக் கூடாது" என்றேன். இதற்கு முன் யாரிடமும் நான் இவ்வளவு உண்மை பேசியதில்லை.

அக்டோபர் 30, வியாழன்

பெரியண்ணனுக்குக் கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டி. காய்ச்சல் நூற்று மூன்று. உள்ளே ஒளிந்திருந்த டி.பி. இப்போது தலை தூக்கியிருக்கிறது. மாத்திரைப் பையை என் மேசைமேல் வீசினார்.

"இத முழுங்கறதுக்கு முன்னால நல்லாத்தான இருந்தேன்!"

அங்கம்மாள் பையை எடுத்து அவர் மடியில் வைத்தார். "முன்னால மூட்டையத் தூக்கினா மூச்சு வாங்கி உக்காந்தவன் நீ. நல்லா இருந்தானாம்."

டி.பி. மருந்தும் ஆரம்பித்தாயிற்று. இன்றைக்கு ஆரம்பித்த இன்னொரு பையன், கல்லூரியில் படிக்கிறவன், நேற்றுச் சேர்த்தோம், இன்று சாயங்காலம் இறந்துவிட்டான். வந்த நாளிலேயே ஆரம்பிக்க முடிவு செய்தும். அவனுக்குக் "காரணம்" என்ன எழுதுவது?

நவம்பர் 14, வெள்ளி

மழை. பெரியண்ணன் வந்து மாத்திரை வாங்கினார். கட்டி அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

எய்ட்ஸ் தின ஊர்வலம். சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வரை நடந்தோம். கால் வலி.

2009 ஜனவரி 8, வியாழன்

செவ்வாய்க்கிழமை வரவேண்டிய பெரியண்ணன் வரவில்லை. நேற்றும் இல்லை. இன்று அங்கம்மாளைக் கேட்டேன். ஒரு வாரமாகப் பார்க்கவில்லை, மருமகளுக்குப் பிரசவம், அலைச்சல் என்றார்.

வராதவர்கள் வீட்டுக்கு இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆள் போய்விட்டார் என்றால் சந்து முனையில் நுழையும்போதே தெரிந்துவிடும். என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

டாக்டரிடம் சொல்லிவிட்டு மத்தியானம் போனேன். முட்டைக் குடோனுக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கொட்டகை. பெரியண்ணனுடையது கடைசி. கதவில் பூட்டு. கொடியில் அவர் கட்டம்போட்ட லுங்கி. பக்கத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"பெரியண்ணன்..." என்றேன்.

"அவரா? கேரளா லோடுக்குப் போயிருக்கறாருங்க. நாலு நாளாச்சு. இன்னைக்கு வண்டி வந்துரும்னாங்க. நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரியிலிருந்து வர்றேன்" என்றேன். எந்தப் பிரிவு என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள்.

நாலரை மணிக்கு லாரி வந்தது. காலி முட்டை அட்டைகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு இறங்கினார் பெரியண்ணன். கழுத்தில் கட்டி இருந்த இடம் தழும்பாகச் சுருங்கியிருந்தது. கன்னத்தில் சதை. என்னைப் பார்த்ததும் அட்டையைக் கீழே போட்டுவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

"மூணு நாள் லேட்டு! சொல்லாம கொள்ளாம போயிட்டீங்களே, நான் என்னன்னு நினைக்கறது?"

"மாத்தரை விடலீங்க மேடம். போன மாசம் நீங்க கைக்கு மூணு நாளு சேத்திக் குடுத்தீங்கல்ல, அது இருந்துது. இந்தா பாருங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்று சாயங்காலத்துக்கான ஒரே மாத்திரை மிச்சம் இருந்தது. "டிரைவருக்கு வவுத்து வலி மாத்தரைன்னு சொல்லியிருக்கறேன்."

"இத்தனை நாள் கழிச்சு முதல் தடவையே கேரளாவுக்கா லோடு ஏத்தணும்?"

"பின்ன, உங்க வராந்தாவுலயே உக்காந்திருக்கச் சொல்றீங்களா?" என்றார். எரிந்துதான் விழுந்தார். "காலைல ஒன்பது மணிக்கு வந்தா ரெண்டு மணிக்குத்தான் உடறீங்க. வேலை வெட்டி இருக்கறவன் எப்படி வர்றது? சீக்கிரம் உடறதுக்கு ஒரு வழி பண்ணுங்க மொதல்ல."

நாளைக்கே வாங்க, முதல் டோக்கன் உங்களுக்குத்தான் என்றேன். நம்பாமல் பார்த்தார். கீழே சிதறிக் கிடந்த அட்டைகளை இரண்டு பேரும் பொறுக்கி அடுக்கினோம்.

மாத்திரை ஆரம்பித்து இன்றோடு தொண்ணூறு நாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நாளை புதியவர்கள் இருபத்திரண்டு பேர் என்று மருந்தாளர் சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்கே போக வேண்டும்.